ஆர்க்டிக்கின் காலநிலையும் பாதுகாப்பும்: பாடம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடதுருவப் பகுதியின் காலநிலை அறிவியலையும் அங்கே நடக்கும் பாதுகாப்பு அரசியலையும் ஒரே பாடமாக வைத்து நடத்தலாமா, நடத்தினால் எப்படி என்று கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும், சிலவற்றுக்கு நீளும். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பனி உருகுவது அறிவியல் துறைக்காரர்கள் பாடு, ராணுவம் அரசியல் துறைக்காரர்கள் பாடு. இரண்டையும் எதற்கு ஒரே வகுப்பில் போட்டுக் குழப்புகிறீர்கள்?

நாம் குழப்பவில்லை, ஆர்க்டிக்கில் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே பின்னிக்கிடக்கின்றன. முதல் வகுப்பிலேயே கேம்ப் செஞ்சுரியின் கதையைச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி மறுபடி எழாது. 1959-ல் அமெரிக்க ராணுவம் கிரீன்லாந்தின் வடமேற்கில், பனிக்குள்ளேயே சுரங்கம் வெட்டி ஒரு முகாம் கட்டத் தொடங்கியது. தங்கும் அறைகள், மருத்துவமனை, மின்சாரத்துக்கு ஒரு சிறிய அணு உலை, எல்லாம் பனிக்கடியில். வெளியே சொன்னது ஆராய்ச்சி நிலையம் என்று. உள்ளே இருந்த திட்டமோ பனிக்கடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுரங்கம் போட்டு அணு ஏவுகணைகளை ஒளித்துவைப்பது, ஐஸ்வோர்ம் என்று அதற்குப் பெயர். கிரீன்லாந்து யாருடைய ஆட்சியில் இருந்ததோ அந்த டென்மார்க்குக்கே இதைச் சொல்லவில்லை. பனி சும்மா கிடக்கும் பொருள் இல்லையே, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். சுரங்கச் சுவர்கள் நெருங்க ஆரம்பித்தன, திட்டம் கைவிடப்பட்டது, 1967-ல் முகாமையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1966-ல், அதே முகாமில் துளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 1,390 மீட்டர் ஆழத்தில் அடிநிலத்தைத் தொட்டிருந்தார்கள். ஒரு பெரும் நிலப்பனியை மேலிருந்து அடிவரை துளைத்து மாதிரி எடுத்தது அதுதான் முதல் முறை. அந்தப் பனித்தண்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வைத்துத்தான் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் சுமார் ஒரு லட்சம் ஆண்டு வெப்பநிலை வரலாற்றைப் படித்தார்கள். தண்டின் அடியில் வந்த மண் ஏதோ ஒரு குளிர்பெட்டியில் மறந்துபோய்க் கிடந்து, 2017-ல் கோபன்ஹேகனில் மறுபடி கையில் கிடைத்தது. உள்ளே செடிகொடிகளின் துணுக்குகள். 2023-ல் வெளியான ஆய்வின்படி சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லை. அணு ஏவுகணையை ஒளிக்கப் போன இடத்திலிருந்து வந்த மண், கிரீன்லாந்துப் பனி எவ்வளவு எளிதில் கரையக்கூடியது என்று இன்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. உலையை மட்டும் முன்பே கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். டீசல், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள்கள், கதிரியக்கம் கலந்த கழிவுநீர் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. உருகல் கூடினால் இந்த நூற்றாண்டின் கடைசியில் அவை வெளிவரத் தொடங்கலாம் என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது; பிறகு அங்கேயே எடுத்த அளவீடுகளை வைத்து 2100-க்கு முன் அப்படி நடக்காது என்று மதிப்பீட்டைத் திருத்தினார்கள். நடந்தால் யார் சுத்தம் செய்வது? அமெரிக்காவா, டென்மார்க்கா, சுயாட்சி பெற்றுவிட்ட கிரீன்லாந்தா? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் விட்டுப் பாருங்கள், இயற்பியல் மாணவரும் சர்வதேசச் சட்ட மாணவரும் ஒருவரையொருவர் சார்ந்துதான் பதில் சொல்ல முடியும்.

அது பனிப்போர்க் காலத்து விநோதம். இன்றைக்கும் அப்படியா?

இன்றைக்கும்தான். ஆர்க்டிக் கடற்பனி மெலிந்துபோனது முதலில் பெரிய அளவில் தெரிந்தது நீர்மூழ்கிக் கப்பல்களால். அமெரிக்காவின் நாட்டிலஸ் 1958-ல் பனிக்கடியிலேயே வடதுருவத்தைக் கடந்ததிலிருந்து, மேலே எங்கே பனி மெல்லிசாக இருக்கிறது, எங்கே உடைத்துக்கொண்டு வெளிவரலாம் என்று பார்க்க சோனார் அளவீடு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரகசியத் தரவு. பனிப்போர் முடிந்த பிறகு அதில் ஒரு பகுதி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது, 1990-களில் சில கடற்படைப் பயணங்களில் அறிவியலாளர்களையும் கூட அழைத்துப் போனார்கள். 1999-ல் வெளியான ஒப்பீட்டில், முந்தைய தலைமுறை அளவீடுகளோடு பார்த்தால் கோடையின் முடிவில் இருக்கும் பனியின் தடிமன் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

செயற்கைக்கோளும் அப்படியே. கடற்பனியின் பரப்பைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற சரியும் கோடு 1978-ன் கடைசியில் நாசாவின் நிம்பஸ்-7 மூலம் தொடங்கியது. 1987-லிருந்து பெரும்பாலும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள்கள் தந்த தரவில்தான் ஓடியது. 2025 ஜூனில் இந்தத் தரவை வெளியே தருவதை நிறுத்தப்போவதாகத் திடீரென்று அறிவித்தார்கள், உலகம் முழுக்கக் கடற்பனி ஆய்வாளர்கள் பதறினார்கள், அப்புறம் செயற்கைக்கோள்களின் ஆயுள் முடியும்வரை, அதாவது 2026 செப்டம்பர்வரை, தருகிறோம் என்றார்கள். இடையில் அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையம் ஜப்பானியச் செயற்கைக்கோளின் கருவிக்கு மாறும் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு ராணுவ அலுவலகத்தின் அறிவிப்பு உலகத்தின் முக்கியமான காலநிலைப் பதிவு ஒன்றை ஆட்டங்காண வைக்க முடியும் என்றால், தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிவியல் பாடத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆர்க்டிக் உலக சராசரியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிறதா, நான்கு மடங்கா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொன்று இருக்கிறதே?

ஆர்க்டிக்கின் எல்லையை எங்கே கிழிக்கிறீர்கள், எந்த ஆண்டிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பாடநூல்கள் இரண்டு மடங்கு என்றன. 1979-க்குப் பிந்தைய தரவை ஆர்க்டிக் வட்டத்துக்குள் மட்டும் வைத்துப் பார்த்த 2022-ம் ஆண்டு ஆய்வு ஏறக்குறைய நான்கு மடங்கு என்றது. 60 டிகிரி அட்சரேகையிலிருந்து எல்லை போட்டால் எண் கொஞ்சம் இறங்கும். மாணவர்களையே மூன்று விதமாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள், வேறுபாடு ஏன் வருகிறது என்பது அப்போது தானாகவே பிடிபடும்.

காரணத்தைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் பனியின் வெண்மையோடு நின்றுவிடுகிறார்கள். வெண்பனி மூடிய கடற்பனி விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும், திறந்த கடல் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். உண்மைதான், ஆனால் பாதிக் கதை. வெயில் விழுவது கோடையில், ஆர்க்டிக் மிக அதிகமாகச் சூடாகியிருப்பதோ இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். கோடையில் கடல் விழுங்கிய வெப்பம் பனி உறையத் தாமதமாகும்போது காற்றுக்குத் திரும்பி வருகிறது. அங்கே தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று கனமாகப் படுத்துக்கிடப்பதால் அந்த வெப்பம் மேலே கலக்காமல் கீழேயே தங்கிவிடுகிறது. வெப்பமண்டலத்தில் இடிமேகங்கள் வெப்பத்தை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விண்ணுக்குக் கக்குவதுபோல் அங்கே நடப்பதில்லை. இந்தப் பகுதிக்கு ஒரு முழு வகுப்பு கொடுங்கள். இதைப் புரிந்துகொள்ளாத மாணவர் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது, ஆர்க்டிக் என்றால் கோடையில் திறந்துகொள்ளும் ஒரு கதவு என்ற நினைப்பிலேயே பேசிக்கொண்டிருப்பார்.

கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயருமா?

உயராது, சொல்லப்போனால் மிகமிகச் சிறிதுதான், ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பது அது. நிலத்தின் மேல் கிடக்கும் கிரீன்லாந்துப் பனி உருகினால் உயரும், முழுவதும் போனால் ஏழு மீட்டருக்கும் மேல், ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் ஆகும். இந்த இரண்டையும் செய்திகள் தினமும் குழப்புகின்றன.

2012-க்குப் பிறகு கடற்பனியின் குறைந்தபட்சப் பரப்பு சாதனை உடையவே இல்லையாமே? அப்படியானால் உருகல் நின்றுவிட்டதா என்று மாணவர் கேட்டால்?

கேட்டால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்வி. 2012 செப்டம்பரில் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை இறங்கியது, 1980-களில் அதே மாதத்தில் அது 70 லட்சத்தை ஒட்டி இருந்தது. 2025 வரை 34 லட்சத்துக்குக் கீழே போகவில்லை என்பது உண்மை. ஆனால் 2007 முதல் 2025 வரையான பத்தொன்பது ஆண்டுகள்தான் மொத்தப் பதிவிலும் மிகக் குறைந்த பத்தொன்பது. குளிர்காலத்தின் உச்சப் பரப்பிலோ 2025 மார்ச்சில் புதிய குறைந்தபட்சச் சாதனை வந்தது. நீண்ட காலச் சரிவின்மேல் காற்றும் கடல் நீரோட்டமும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஏற்ற இறக்கம் காட்டுவது இயல்பு. இதை மழுப்பாமல் சொல்லுங்கள். 2013-க்குள் கோடைப்பனி காணாமல்போகும் என்று சிலர் ஒரு காலத்தில் சொன்னதும் மாணவர்களுக்குத் தெரியட்டும், அப்படிச் சொன்னது பெரும்பான்மை அறிவியலாளர்கள் இல்லை என்பதும் தெரியட்டும்.

பனி உருகுகிறது, எண்ணெய்க்கு அடிதடி, அடுத்த உலகப்போர் ஆர்க்டிக்கில்தான் என்கிறார்களே?

இந்தக் கதையை உடைப்பதுதான் பாடத்தின் பாதி வேலை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2008-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது: உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெயில் சுமார் 13 சதவீதமும் எரிவாயுவில் 30 சதவீதமும் ஆர்க்டிக்கில் இருக்கலாம் என்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்யாவின் ஆர்தர் சிலிங்காரவ் தலைமையில் ஒரு குழு வடதுருவத்தில் 4,000 மீட்டருக்கும் ஆழமான கடலடியில் டைட்டானியக் கொடியை நட்டிருந்தது. கொடியும் எண்ணும் சேர்ந்து பத்திரிகைகளுக்குத் தீனியானது. ஆனால் அந்த வளத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தந்த நாட்டின் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல்வரை அந்த நாட்டுக்கே வள உரிமை உள்ள கடலுக்குள், இருக்கிறது, அதற்காக யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. ஆர்க்டிக் கடலோர நாடுகள் ஐந்தும் 2008-ல் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் கூடி, தகராறுகளைக் கடல் சட்டப்படி தீர்த்துக்கொள்வோம் என்று அறிவித்தன. நார்வேயும் ரஷ்யாவும் நாற்பது ஆண்டு இழுத்த பேரன்ட்ஸ் கடல் எல்லையை 2010-ல் ஒப்பந்தம் போட்டு முடித்தன. நடு ஆர்க்டிக் கடலில் மீன்வளத்தைப் பற்றிப் போதிய அறிவு கிடைக்கும்வரை வணிக மீன்பிடிப்பே வேண்டாம் என்று அமெரிக்கா, ரஷ்யா, சீனா உட்பட ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ல் கையெழுத்திட்டன, 2021-ல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் பிடித்துத் தீர்த்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவதுதான் மனித வழக்கம், இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது, ஆனால் செய்தியில் அடிபடவில்லை.

அதற்காக அங்கே பதற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. கோலா தீபகற்பத்தில் ரஷ்யாவின் வடக்குக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகள் இருக்கின்றன. ஏன் அங்கே என்றால், அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் வந்து சேர்வதால் மூர்மன்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஏவுகணைக்கு மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலாகத்தான். கிரீன்லாந்தை விலைக்கு வாங்கும் பேச்சை டிரம்ப் 2019-ல் எடுத்து 2025-ல் மறுபடி கிளப்பினார்; 1946-லேயே ட்ரூமன் அரசாங்கம் 10 கோடி டாலர் மதிப்புத் தங்கம் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறது, பனி உருகுவதைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்? இவை பனி உருகியதால் வந்த பதற்றங்கள் இல்லை, பழைய கணக்குகள். உக்ரைன் போருக்குப் பிறகு பின்லாந்து 2023-லும் ஸ்வீடன் 2024-லும் நேட்டோவில் சேர்ந்ததும் அப்படித்தான். எந்தப் பதற்றம் காலநிலையால் வந்தது, எது வேறு காரணத்தால் வந்து ஆர்க்டிக்கில் தெரிகிறது என்று பிரித்துப் பார்க்க மாணவர் பழகிவிட்டால் பாடம் வெற்றி.

அப்படியானால் வடகடல் பாதை? அது பனி உருகியதால் வந்ததுதானே?

ஓரளவுக்கு. ராட்டர்டாமிலிருந்து யோகோஹாமாவுக்கு சூயஸ் வழியைவிட ரஷ்யக் கரையோரமாகப் போனால் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம். ஆனால் தூரம் குறைந்தால் மட்டும் சரக்குப் போக்குவரத்து வந்துவிடாது. இடையில் ஆழம் குறைந்த நீரிணைகள், எங்கே எப்போது மிதக்கும் என்று சொல்ல முடியாத பனி, விபத்து நடந்தால் ஓடிவர ஆள் இல்லாத கரை, அதற்கேற்ற காப்பீட்டுச் செலவு. கண்டெய்னர் கப்பலுக்குத் தேதி தவறாமல் போய்ச் சேர்வதுதான் உயிர். டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 2018-ல் வென்டா மெர்ஸ்க் என்ற கப்பலைச் சோதனையாக அனுப்பிவிட்டு, இப்போதைக்கு இதை வணிக மாற்றாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டது. இன்று அந்தப் பாதையில் போகும் சரக்கில் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எரிவாயு, எண்ணெய், கனிமம்.

நான் இந்த இடத்தில் விரும்பி நடத்துவது ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 234-வது பிரிவு. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும் கடற்பகுதிகளில் கடலோர நாடு தன் பொருளாதார மண்டலத்துக்குள் கப்பல்களுக்கு மாசுத் தடுப்பு விதிகளைப் போடலாம் என்கிறது அது. ரஷ்யாவும் கனடாவும் தங்கள் பாதைகளின்மேல் சொல்லும் உரிமைக்கு இது ஒரு முக்கியமான தூண். இப்போது பனி ஆண்டின் பெரும்பகுதி மூடாமல் போனால்? எத்தனை மாதம், எவ்வளவு அடர்த்தி இருந்தால் மூடியிருக்கிறது என்று கொள்வது? செயற்கைக்கோள் தரவில் 15 சதவீத அடர்த்தியை எல்லையாக வைக்கும் வழக்கம் கணக்குக்கு வசதி என்பதற்காக வந்தது, அதையே நீதிமன்றத்தில் வைக்க முடியுமா? ஒரு சட்டப் பிரிவு முழுக்க ஓர் இயற்பியல் அளவீட்டின்மேல் நிற்கிறது, அந்த அளவீடு ஆண்டுக்காண்டு நழுவுகிறது. இதைவிட நல்ல வகுப்புப் பொருள் எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு என்றாலே நாடு, எல்லை, ராணுவம்தானா?

ஆர்க்டிக்கில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள், அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பழங்குடியினர். அவர்களிடம் கேட்டால் பட்டியலே மாறிவிடும். 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின்மேல் மழை பெய்து, மேலே இரும்புத் தகடுபோல் உறைந்துவிட்டது. அடியில் இருந்த பாசியைத் தோண்டித் தின்ன முடியாமல் சுமார் 61,000 ரெயின்டீர் மான்கள் பட்டினியில் செத்தன. அங்கே வாழும் நெனெட்ஸ் பழங்குடி மேய்ப்பர்களுக்கு அதுதான் பாதுகாப்பு நெருக்கடி. அலாஸ்காவின் நியூடாக் கிராமம் உறைநிலம் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்) கரைந்து ஆற்றில் சரிந்துகொண்டே போனதால், அங்கே வாழ்ந்த யூப்பிக் பழங்குடி மக்கள் மெர்டார்விக் என்ற புது இடத்துக்குப் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் ஒருதலையாகிவிடும். அந்த மக்களின் பாதுகாப்பைக் குலைத்தது எப்போதும் பனி உருகல் மட்டும் இல்லை, மற்றவர்களின் பாதுகாப்பும்தான். கிரீன்லாந்தில் அமெரிக்காவின் துலே விமானத் தளத்துக்காக 1953-ல் இனுகுயிட் பழங்குடிக் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் கிளப்பி வடக்கே கானாக்குக்கு அனுப்பினார்கள். 1968-ல் அதே தளத்துக்குப் பக்கத்தில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு வந்த பி-52 விமானம் கடற்பனியில் விழுந்து புளூட்டோனியம் சிதறியது. அந்தத் தளத்துக்கு இப்போது பிடுஃபிக் என்று பெயர். காலநிலைத் தீர்வும் இந்த வரிசையில் வந்து நிற்கலாம்: நார்வேயின் ஃபோசன் பகுதியில் கட்டிய காற்றாலைகள் சாமி என்ற பழங்குடி மான் மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஆலைகள் அதற்கு முன்பே கட்டி முடிந்துவிட்டன.

எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று சொல்லிவிடலாமா? மாணவர்களுக்குப் பதியும் அல்லவா?

பதியும், தப்பாகப் பதியும். சைபீரியாவின் நோரில்ஸ்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதக் கடைசியில் அங்கே ஒரு மின் நிலையத்தின் எரிபொருள் தொட்டி சரிந்து சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது, ஆறு சிவப்பாக ஓடிய படம் உலகம் முழுக்கப் போனது. உறைநிலம் இளகியதுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது, உலக ஊடகங்களும் அப்படியே எழுதின. பிறகு ரஷ்யத் தொழில் பாதுகாப்புத் துறையின் விசாரணையில் வடிவமைப்புக் குறை, கட்டுமானக் குறை, பராமரிப்புக் குறை என்று வந்தது. நீதிமன்றம் 14,600 கோடி ரூபிள் இழப்பீடு கட்டச் சொன்னது. காலநிலை மாற்றம் என்பது சில நேரம் பொறுப்பிலிருந்து தப்பிக்க ஒரு நல்ல சாக்கு.

2016-ல் யமாலில் ஆந்த்ராக்ஸ் பரவியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். கடும் வெயில் அலையில் பழைய மான் பிணம் ஒன்று உறைநிலத்திலிருந்து வெளிப்பட்டு நோய் பரவியிருக்கலாம் என்று விளக்கம், 12 வயதுச் சிறுவன் இறந்தான், 2,000-க்கும் மேற்பட்ட மான்கள் செத்தன. அதே பகுதியில் மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007-ல் நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் காரணம்தான். எதற்கு எவ்வளவு எடை என்று மாணவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

2022-க்குப் பிறகு ரஷ்யாவை விட்டுவிட்டு ஆர்க்டிக் பாடம் நடத்த முடியுமா?

நடத்தலாம், ஆனால் பாதி வரைபடம் வெறுமையாக இருக்கும். ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. 1996-ல் எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ஆர்க்டிக் கவுன்சிலின் அறிவிப்பிலேயே ராணுவப் பாதுகாப்பை இங்கே பேசக்கூடாது என்று ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது, அதனால்தான் 2014-ல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட பிறகும் அது ஓடியது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் காரணமாக, மற்ற ஏழு நாடுகளும் விலகி நின்றன. அப்போது தலைமையில் இருந்ததோ ரஷ்யாதான். 2023-ல் நார்வேயும் 2025-ல் டென்மார்க்கும் தலைமை ஏற்று, பணிக்குழுக்கள் வரைக்கும் வேலை திரும்பியிருக்கிறது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான யுஆர்க்டிக்கும் ரஷ்ய நிறுவனங்களின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது.

அறிவியலுக்கு இது நேரடி அடி. சைபீரியாவின் கள நிலையங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஆர்க்டிக் பற்றிய நம் படமே சாய்ந்துவிடுகிறது என்று 2024 ஜனவரியில் ஓர் ஆய்வு காட்டியது. உறைநிலத்தில் அடைபட்ட கார்பன் வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு, அதில் பெரும்பங்கு ரஷ்ய மண்ணில். ரஷ்யாவை ஒதுக்கிவைத்தது சரியா தவறா என்று வகுப்பில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதன் விலை என்ன என்பதை மட்டும் எண்களோடு காட்டுங்கள். பழைய பொருளும் நிறைய இருக்கிறது: 1937-ல் மிதக்கும் பனியின்மேல் தொடங்கிய சோவியத் ஆய்வு நிலையங்கள், ஆர்க்டிக் அமைதி மண்டலமாக வேண்டும் என்று கோர்பச்சேவ் 1987-ல் மூர்மன்ஸ்க்கில் ஆற்றிய உரை.

அங்கேயே போய்ப் படிக்க முடியுமா? யார் இதைக் கற்றுத்தருகிறார்கள்?

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யர்பியனில், 78 டிகிரி வடக்கில், யுனிஸ் என்ற பல்கலைக்கழக மையம் 1993-லிருந்து இயங்குகிறது. நிலவியல், உயிரியல், துருவப் புவி இயற்பியல் படிக்கலாம். களத்துக்குப் போகுமுன் துருவக் கரடியிடமிருந்து காத்துக்கொள்ளத் துப்பாக்கி சுடுவதிலும் பயிற்சி உண்டு. டிராம்சோவில் நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகம், கௌடோகெய்னோவில் சாமி பல்கலைக்கழகம், நூக்கில் கிரீன்லாந்துப் பல்கலைக்கழகம், அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ். பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆங்கரேஜில் டெட் ஸ்டீவன்ஸ் மையம் இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிறுவனம். பாடப்பொருளை எங்கிருந்து எடுத்தாலும் பணம் யாருடையது என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

இந்தியாவுக்கும் நமக்கும் இதில் என்ன?

1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் வழியாக இந்தியாவும் ஒரு தரப்பு. 2008-ல் ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டில் ஹிமாத்ரி ஆய்வு நிலையம், 2014-ல் அங்கேயே கோங்ஸ்ஃபியோர்டன் கடல் நுழைவில் கடலடிக் கருவித்தொகுதி, 2013-ல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் இடம், 2022-ல் தனி ஆர்க்டிக் கொள்கை. கோவாவில் உள்ள தேசியத் துருவ, கடல் ஆய்வு மையம்தான் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. ஆர்க்டிக் கடற்பனிக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகள் நடக்கின்றன; புள்ளிவிவர உறவு கிடைப்பதும் காரணத்தை நிறுவுவதும் வேறு வேறு வேலை என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல வேண்டாம். மனிதர்கள் வழியாகவும் ஒரு தொடர்பு உண்டு: 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். பேரன்ட்ஸ் கடல் மீன் பற்றிப் பேசும்போது அது நமக்கு முற்றிலும் அந்நியமான கடல் இல்லை.

வகுப்பில் ஆளுக்கொரு நாடாக உட்காரவைத்து மாதிரி ஆர்க்டிக் கவுன்சில் நடத்தலாமா?

நடத்துகிறார்கள், எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ரஷ்யாவாக உட்காரும் மாணவர் சினிமா வில்லனாகிவிடுகிறார். இன்யூட் பழங்குடிப் பிரதிநிதியாக உட்காரும் மாணவர் இயற்கையை நேசிப்போம் என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார். நிஜத்தில் இன்யூட் வட்டத்துருவ அமைப்புக்கு ஆர்க்டிக் கவுன்சிலில் நிரந்தரப் பங்கேற்பாளர் இடம் இருக்கிறது, அதன் தலைவராக இருந்த ஷீலா வாட்-குளூட்டியே 2005-ல் அமெரிக்க கண்டங்களின் மனித உரிமை ஆணையத்தில் அமெரிக்காவின் கார்பன் வெளியீட்டுக்கு எதிராக மனு போட்டவர். நடிக்க வைப்பதற்குப் பதில் அவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படிக்க வைப்பது மேல்.

அதைவிட நன்றாக வேலை செய்வது ஒரே ஆவணத்தை இரண்டு குழுக்களிடம் கொடுப்பது. கேபிள் பழுதான சம்பவம் இதற்குப் பொருத்தம்: 2022 ஜனவரியில் ஸ்வால்பார்டை நார்வே நிலப்பரப்போடு இணைக்கும் இரண்டு கடலடிக் கேபிள்களில் ஒன்று பழுதானது. உலகத்தின் மிகப்பெரிய செயற்கைக்கோள் தரை நிலையங்களில் ஒன்று அந்தக் கேபிள்களை நம்பித்தான் இருக்கிறது, காலநிலைத் தரவும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. ஒரு குழு இதை நாசவேலை என்று நிறுவப் பார்க்கட்டும், இன்னொன்று மீன்பிடி வலை என்று. எந்தத் தகவல் கிடைத்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண்.

கணக்கு வராத அரசியல் மாணவர்களை என்ன செய்வது?

தேசியப் பனித் தரவு மையத்தின் தினசரிக் கடற்பனிக் கோப்பு இலவசம், எக்செல்லில் திறக்கும். ஒவ்வோர் ஆண்டின் செப்டம்பர் எண்ணை எடுத்து ஒரு கோடு போடத் தெரிந்தால் முதல் பருவத்துக்குப் போதும். இயற்பியல் மாணவர்களுக்குத்தான் எனக்கு அதிகக் கவலை. அவர்களில் பலர் ஓர் ஒப்பந்தத்தை முழுதாக, அடிக்குறிப்போடு, ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். ஆர்க்டிக் கவுன்சிலை உருவாக்கிய 1996-ம் ஆண்டு ஒட்டாவா அறிவிப்பு சில பக்கம்தான். அதிலிருந்து தொடங்குங்கள், அடுத்த வாரம் 234-வது பிரிவு.